சுரவரிசையும் செவிப்பழக்கமும்

ஔவையின் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று ஓவியத்தைக் கைப்பழக்கம் என்றும், தமிழை நாப்பழக்கம் என்றும், கல்வியை மனப்பழக்கம் என்றும் வகுத்துரைக்கிறது. இசை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அதனாற்போலும், இசை பயில்வோரிற் பலர் அதனையும் கைப்பழக்கத்தில் அடக்கிவிடுகின்றனர். விரலைப் பழக்கினால் சுரம் தானே வரும் என்பது அவர் கொள்கை. மெட்டுகள் கட்டப்பட்ட வீணையிலும், கட்டைகள் அடுக்கப்பட்ட ஆர்மோனியத்திலும் இக்கொள்கை ஓரளவு செல்லும். ஏனெனில் அங்கே சுரத்தின் இடத்தைக் கருவி செய்தவனே முடிவு செய்துவிடுகிறான். மெட்டே இல்லாத தந்தியின்மேல் ஒரு கோலை நகர்த்தி வாசிக்கும் கருவிகளிலோ இக்கொள்கை முதல் நாளிலேயே முறிந்துபோகிறது. சுரவரிசைப் பயிற்சியின் உண்மையான பயன் யாது என்பதை ஆராய்வதற்கு, எனவே, அத்தகைய கருவிகளே தக்க உரைகல் ஆகும்.

தமிழகத்தில் இவ்வகைக்குரிய கருவி கோட்டுவாத்தியம். சித்திரவீணை என்ற பெயராலும் இன்று அது வழங்குகிறது. வீணையைப் போன்ற உடல், மெட்டுகள் இல்லை, இடக்கையில் கருங்காலியாலோ கொம்பாலோ இக்காலச் செயற்கைப் பொருளாலோ ஆன கோல், வலக்கை விரல்களால் மீட்டு. வாசிக்கும் தந்திகள், சுருதித் தந்திகள், அடியில் தாமே அதிரும் துணைத்தந்திகள் என மொத்தம் 21 தந்திகள் பூட்டுவது இன்றைய வழக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைமருதூர் சகாராம ராவ் இக்கருவியைக் கச்சேரி மேடைக்கு உரியதாக உயர்த்தினார். அவருக்குப் பின் நாராயண ஐயங்காரும் (1903–1959), பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதன் புகழைப் பரப்பினர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். சித்திரவீணை என்னும் பெயர் பரதரின் நாட்டிய நூலில் காணப்படுவது கொண்டு, இன்றைய கருவி ஈராயிரம் ஆண்டுகளாக மாறாமல் வந்தது எனச் சிலர் எழுதுவர். பரதர் கூறுவது ஏழு நரம்புகளை விரலால் மீட்டும் ஒரு கருவி. கோலால் வழுக்கி வாசிப்பதை அவர் அதற்கு உரைத்தாரில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் விளக்கும் ஏகதந்திரி வீணையே வழுக்குகோல் கொண்ட கருவிக்குத் தெளிவான சான்று. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே எனக் கொள்வது சொல்லாராய்ச்சியில் மட்டுமன்றி இசையாராய்ச்சியிலும் பிழையே.

இனிப் பயிற்சிக்கு வருவோர் முதலிற் காண்பது புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததாகக் கூறப்படும் சரளி வரிசையும், சண்ட வரிசையும், அலங்காரங்களும் ஆகும். இவை அனைத்தும் மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தவை. இவ்விராகம் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்ற வினாவிற்கு ஆசிரியர் பலரும் கூறும் விடை, அதன் முற்பாதியும் பிற்பாதியும் ஒத்த அமைப்புடையன என்பது. சட்ஜத்திலிருந்து மத்திமம் வரை செல்லும் இடைவெளிகளின் வரிசையே பஞ்சமத்திலிருந்து மேற்சட்ஜம் வரையும் திரும்ப வருகிறது. குரலால் பாடுவோனுக்கு இது பெரிய எளிமை. ஆயின் தந்தியின்மேல் கோல் நகர்த்துவோனுக்கு இது எளிமையா?

அளந்து பார்த்தால் விடை விளங்கும். எடுத்துக்காட்டாகத் தந்தியின் அதிரும் நீளம் 90 செண்டிமீட்டர் எனக் கொள்க. தந்தியின் தலைப்பக்கத்திலிருந்து கணக்கிட்டால், சுத்த ரிஷபம் ஏறத்தாழ 5.6 செண்டிமீட்டரிலும், அந்தர காந்தாரம் 18 செண்டிமீட்டரிலும், மத்திமம் 22.5 செண்டிமீட்டரிலும், பஞ்சமம் 30 செண்டிமீட்டரிலும், சுத்த தைவதம் 33.75 செண்டிமீட்டரிலும், காகலி நிஷாதம் 42 செண்டிமீட்டரிலும், மேற்சட்ஜம் சரிபாதியாகிய 45 செண்டிமீட்டரிலும் அமையும். ஆகவே முற்பாதியில் கோல் நகர வேண்டிய தூரங்கள் 5.6, 12.4, 4.5 என்பன. பிற்பாதியிலோ அதே வரிசைக்கு 3.75, 8.25, 3 என்பன. ஒவ்வொன்றும் முன்னதில் மூன்றில் இரண்டு பங்கு. செவிக்கு ஒன்றாகிய இரண்டு பாதிகள் கைக்கு வேறு வேறாகின்றன. மேற்சட்ஜத்திற்கு அப்பாற் சென்றால் தூரங்கள் கீழ்த்தாயியில் உள்ளவற்றிற் பாதியாகச் சுருங்குகின்றன.

இதனாற் பெறப்படுவது யாது? கையை மட்டும் பழக்கியவன் கீழே கற்ற நகர்வை மேலே செய்தால் ஒவ்வொரு சுரமும் கூடிப்போகும். செவியைப் பழக்கியவனோ, தூரம் எவ்வளவு சுருங்கினும், இதோ சுரம் என்று கோலை நிறுத்துவான். மாயாமாளவகௌளையின் ஒத்த பாதிகள் கோட்டுவாத்தியம் பயில்வோனுக்கு எளிமையாக வாய்த்தவை அல்ல; சோதனையாக வாய்த்தவை. ஒரே இசை வடிவம் இருவேறு தூரங்களில் வரும்போது அதனை ஒன்றென அறிகிறானா என்பதே அச்சோதனை. புரந்தரதாசரின் வரிசை குரலுக்கென அமைந்தது எனினும், மெட்டில்லாக் கருவியில் அது இன்னும் ஆழ்ந்த பயனைத் தருகிறது என்பதே இதன் முடிபு.

சகாராம ராவிடம் பயின்றவருள் செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) ஒருவர் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவர் வாய்ப்பாட்டுக்காரர். வாய்ப்பாட்டுப் பயில்வோன் ஒருவன் கோட்டுவாத்திய வித்துவானை ஆசானாகக் கொள்வது வியப்பன்று. குரலுக்கும் மெட்டில்லை, கோலுக்கும் மெட்டில்லை. இரண்டிற்கும் நடுவர் செவி ஒன்றே.

இன்று வழங்கும் பயிற்சி நூல்களின் மீது எழும் குறை இங்கேதான் தொடங்குகிறது. அந்நூல்கள் சுரத்தின் பெயரையும் தாளத்தின் கணக்கையும் தருகின்றன. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்குச் செல்லும் வழியைத் தருவதில்லை. மெட்டுள்ள கருவியில் இக்குறை வெளிப்படாது. வழுக்கு கருவியிலோ, இரு சுரங்களுக்கிடையே கோல் நகரும்போது இடைப்பட்ட ஒலிகள் யாவும் கேட்கும். அவற்றை மறைப்பதா, காட்டுவதா, எவ்வளவு காட்டுவது என்பதே கலை. மீட்டிய பின் நகர்ந்தால் இழைவு; ஒலியை அடக்கி நகர்ந்து பின் மீட்டினால் தனிச்சுரம். சரளி வரிசையை இவ்விரு முறையிலும் தனித்தனியே பயிலாதவன், இழைவு வேண்டாத இடத்திலும் இழைந்து, பாட்டு முழுவதையும் அழுகுரலாக்கி விடுவான். வழுக்கு கருவி வாசிப்போர் மீது பொதுவாகச் சொல்லப்படும் பழி இதுவே. அப்பழி பெரும்பாலும் நியாயமானதும் ஆகும்.

இவ்வழியைக் குறியிட்டுக் காட்ட இயலாது என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி கமகங்களுக்குத் தனிக்குறிகளை வகுத்தது. அவற்றுள் ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்பன வழுக்குதலையே குறிப்பன. நூறாண்டுகளுக்கு முன்பே இருந்த கருவியைத் தொடக்கநிலை நூல்கள் கைவிட்டது எளிமை கருதியாகலாம். எளிமை என்பது உண்மையைக் குறைத்தலாகிவிடக் கூடாது.

பிற நாட்டு வழுக்கு கருவிகளை ஒப்பு நோக்கினால் இவ்வாராய்ச்சி இன்னும் தெளிவுறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் கித்தாரை மடிமேல் கிடத்தி, எஃகுத் துண்டால் தந்தியை வழுக்கி வாசிக்கும் முறையைப் பரப்பினார். அம்முறை ஆசியா முழுவதும் பரவியது. ஹவாய் இசைக் குழுவினராகிய டாவ் மோ குடும்பத்தார் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தனர். பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா 1967இல் வெளிவந்த 'பள்ளத்தாக்கின் அழைப்பு' என்னும் பொருள்படும் இசைத்தட்டில் இந்துஸ்தானி இராகங்களை அக்கருவியில் வாசித்தார். அவ்வழியில் வந்த விசுவமோகன பட் 1994இல் கிராமி விருது பெற்றார்.

அமெரிக்க நாட்டிலோ அதே கருவி வேறு திசையிற் சென்று பெடல் ஸ்டீல் கித்தார் ஆயிற்று. கால்களின்மேல் நிறுத்தப்பட்ட சட்டத்தில் பத்துத் தந்திகள். அடியில் பாதத்தால் அழுத்தும் மிதிகள். முழங்காலால் தள்ளும் நெம்புகள். மிதியை அழுத்தினால் குறித்த தந்தி இழுபட்டு ஒலி உயரும். 1954ஆம் ஆண்டில் புகழ்பெற்ற வெப் பியர்ஸின் பாடல் ஒன்றில் பட் ஐசக்ஸ் என்பார், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்திச் சுரத்தை வளைத்துக் காட்டினார். அதுமுதல் அவ்வளைவே அக்கருவியின் அடையாளம் ஆயிற்று.

அக்கருவியில் பெருவழக்காக உள்ள சுருதியமைப்பில் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களையும் எஃகு உருளையைச் சிறிதும் நகர்த்தாமலே வாசிக்கலாம். எட்டாம் தந்தி சட்ஜம். ஏழாம் தந்தி ரிஷபம். ஆறாம் தந்தி காந்தாரம். அவ்வாறாம் தந்தியையே இரண்டாம் மிதியுடன் மீட்ட மத்திமம். ஐந்தாம் தந்தி பஞ்சமம். அதனையே முதல் மிதியுடன் மீட்ட தைவதம். இரண்டாம் தந்தி நிஷாதம். நான்காம் தந்தி மேற்சட்ஜம். இதனையே ஒரே தந்தியில் உருளையை நகர்த்தியும் வாசிக்கலாம். எனவே பெடல் ஸ்டீல் பயில்வோர் ஒரு சுரவரிசையை இரு வழியாகவும் பழக வேண்டியவராகின்றனர். முதல் வழியில் இடையூறு, முன்னர் மீட்டிய தந்தி அடங்காமல் அடுத்ததனோடு கலந்து ஒலித்தல். ஆகவே வலக்கையால் தந்தியை அடக்கும் பயிற்சி தலைமை பெறுகிறது. இரண்டாம் வழியில் இடையூறு, உருளை நிற்கும் இடம். பலகையின்மேல் வரையப்பட்ட கோடுகள் கண்ணுக்குத் துணையேயன்றிச் செவிக்கு நடுவர் ஆகா. பார்க்கும் கோணம் சிறிது மாறினும் கோடு பொய் சொல்லும்.

இவ்விரு வழிகளும் தமிழுக்குப் புதியன அல்ல. ஒரு சுரத்திற்கு ஒரு தந்தி என்பது யாழின் நெறி. பல சுரத்திற்கு ஒரு தந்தி என்பது கோட்டுவாத்தியத்தின் நெறி. யாழில் சுரம் எங்கே என்னும் வினா வாசிக்கும்போது எழாது. நரம்பு கட்டும்போதே எழும். ஆகவேதான் சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணம் கூறப்புகும் இளங்கோவடிகள், அவனது விரல் விரைவைப் புகழாமல், பதினான்கு நரம்புகளை இசைகூட்டிப் பண்ணமைக்கும் அறிவையே விரித்துரைக்கிறார். மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் என்பதும் அக்காதையே கூறுவது. ஏழாண்டும் வெறும் வேகத்திற்காகக் கழிந்தன என்று கருத நூலில் இடமில்லை.

கானல்வரியில் யாழ் வாசிப்பின் எண்வகைச் செயல்கள் கூறப்படுகின்றன. பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்பன அவை. இவற்றின் வரிசையே ஒரு பாடத்திட்டம் எனத் தகும். பண்ணல் என்பது கருதிய பண்ணுக்கு நரம்புகளை அமைத்தல். பரிவட்டணை அமைத்ததைக் கையால் தடவி அறிதல். ஆராய்தல் ஏற்ற இறக்க முறையால் அதனைச் சோதித்தல். தைவரல் சுருதியை இயைத்தல். இவை நான்கும் முடிந்த பின்னரே செலவும் விளையாட்டும் வருகின்றன. கைத்திறன் விளங்கும் கையூழ் ஏழாவதாக நிற்கிறது. ஏற்றமும் இறக்கமுமாகச் சுரங்களை வாசிக்கும் செயலுக்கு, அதாவது இன்று சரளி வரிசை என வழங்கும் செயலின் மூலத்திற்கு, பண்டைத் தமிழர் இட்ட பெயர் ஆராய்தல். உருப்போடுதல் என்றோ, விரல் பழக்கல் என்றோ அவர் பெயரிடவில்லை. சுரவரிசையின் நோக்கம் பற்றிய விவாதத்திற்கு இச்சொல் ஒன்றே தீர்ப்பாக அமையக்கூடியது.

விபுலானந்த அடிகள் (1892–1947) தம் யாழ் நூலில் பழைய பாலைகளைக் கணித முறையால் மீட்டெடுத்தார். 1947ஆம் ஆண்டில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய அந்நூல், செம்பாலை முதலிய ஏழு பாலைகளும் ஒரே நரம்புத் தொகுதியில் தொடங்கும் நரம்பை மாற்றுவதால் பிறப்பதை விளக்கியது. அவருக்கு முன்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தம் கருணாமிர்த சாகரத்தில், 1917இல், ஒரு தாயியை 22 சுருதிகளாகப் பிரிக்கும் கொள்கையை மறுத்து, 24 சம பாகங்களே பொருந்தும் என வாதிட்டார். இரு பேராசிரியரும் மாறுபடும் இவ்விடத்தில் தமிழ் கற்போர் பலரும் ஏதேனும் ஒரு கட்சியில் நின்று வாதிடுவதோடு அமைகின்றனர். கோட்டுவாத்தியம் பயில்வோனுக்கு இது கட்சிச் சண்டை அன்று. கோல் நிற்கும் இடம்.

முன்னர்க் கொண்ட 90 செண்டிமீட்டர்த் தந்தியில், இயற்கைப் பின்னக் கணக்கின்படி சுத்த ரிஷபம் ஏறத்தாழ 5.6 செண்டிமீட்டரில் அமையும் எனக் கண்டோம். சம பாகக் கணக்கின்படி அது ஏறத்தாழ 5.05 செண்டிமீட்டரில் அமையும். காந்தாரமோ முதற்கணக்கில் 18; இரண்டாவதில் ஏறத்தாழ 18.6. வேறுபாடு அரிசிமணி ஒன்றின் நீளமே. எனினும் சுருதித் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கையில் அவ்வேறுபாடு பழகிய செவிக்குப் புலப்படும். பியானோவும் ஆர்மோனியமும் பின்பற்றும் சம பாகக் காந்தாரம் தம்பூராவோடு சேரும்போது சற்றுக் கூடி நிற்கிறது. ஆகவே, மின்விசைப் பலகைக் கருவியைத் துணையாகக் கொண்டு சுரவரிசை பயிலும் மாணவன் தன் செவியை அறியாமலே அக்கருவிக்கு அடகு வைக்கிறான். தம்பூரா, அன்றேல் அதன் ஒலியைத் தரும் சுருதிப்பெட்டி, இதுவே பயிற்சிக்குத் தக்க துணை. கணக்கு இங்கே வழிகாட்டியே. பாடப்படும் இராகம் சுரத்தைச் சற்று ஏற்றவும் இறக்கவும் அசைக்கவும் கூடும். தோடியின் காந்தாரத்தை ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டுவது தோடியைக் கொன்று காட்டுவதாகும். ஆயினும் அசைவின் நடு எங்கே என்பதை அறியாதவன் அசைப்பது கமகம் ஆகாது, தடுமாற்றமே ஆகும்.

இனி, வரிசைப் பயிற்சியையே வெறுப்பவர் கட்சியையும் நோக்குதல் வேண்டும். பாவம் உள்ளத்தில் இருந்தால் போதும், இயந்திரம்போல் ஏறி இறங்குவதால் இசையுணர்ச்சி மழுங்கும் என்பது அவர் கூற்று. இக்கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. செவி தூங்கக் கை ஓடும் பயிற்சி உணர்ச்சியை மழுக்குவது உண்மையே. மூன்று காலங்களிலும் பிழையின்றி ஓட்டிக் காட்டிய மாணவன், விளம்பத்தில் ஒரு சட்ஜத்தை நிறுத்த இயலாது தவிப்பதை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். ஆயின் அது வரிசையின் குற்றமன்று. வரிசையை ஆராய்தலாகக் கொள்ளாமல் ஓட்டமாகக் கொண்டதன் குற்றம். இலக்கணம் கற்பதால் கவிதை கெடும் என்பாரும் இவ்வாறே கூறுவர். நன்னூலை நெட்டுருச் செய்து நூற்பாவின் பொருளறியாதவனைக் காட்டி, நன்னூலையே குறைகூறுவது முறையாகாது.

தமிழ் மக்கள் குடியேறிய நாடுகளில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றை அடுத்துள்ள நிபோங் திபாலை எடுத்துக்கொள்க. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுற்றுவட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். கரும்பு போய் இரப்பர் வந்தது. இரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. பைராம், கலிடோனியா என்னும் தோட்டப் பெயர்கள் நிலைத்தன. அம்மக்கள் தம்முடன் கொண்டுவந்த இசை கோயிலிலும் பசனையிலும் வாழ்ந்தது. இன்றோ மலேசியத் தமிழ்ப்பள்ளிக் குழந்தை, இசைப்பாட வேளையில் ரிக்கார்டர் குழலில் டோ ரே மி பயில்கிறது. இசை வகுப்புக்குச் செல்லும் குழந்தையாயின் மாலையில் ச ரி க ம பயில்கிறது. ஒன்றில் துளைகள் இடத்தைத் தீர்மானிக்கின்றன. மற்றதில் குரல் தேடிக் கண்டுகொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றே என ஆசிரியர் கூறிவிட்டால் குழந்தையின் செவி துளையிட்ட இடத்திலேயே தங்கிவிடும். இரண்டும் பகை எனக் கூறினாலும் கேடே. டோ ரே மி என்பது ஏறக்குறையச் சங்கராபரணம். அதுவே அரும்பாலை என்பது ஆராய்ச்சியாளர் பலரும் ஏற்ற கருத்து. அக்குழலில் வாசித்ததையே சுருதிப்பெட்டியின் முன் குரலால் பாடச் செய்து, காந்தாரம் எங்கே சற்று இறங்குகிறது என்று கேட்கச் செய்தால், பழந்தமிழர் கூறிய ஆராய்தல் அவ்வகுப்பறையிலேயே தொடங்கிவிடும். அதற்குப் பெரிய கருவியும் வேண்டா; பெரும் பொருளும் வேண்டா.

வழுக்கு கருவியே பயில விரும்பும் இளைஞர்க்கும், அது கோட்டுவாத்தியமாயினும் ஹவாய்க் கித்தாராயினும் பெடல் ஸ்டீலாயினும், முறை ஒன்றே. முதலில் தந்தியின் பாதியில் மேற்சட்ஜத்தையும், மூன்றில் ஒரு பங்கில் பஞ்சமத்தையும், நான்கில் ஒரு பங்கில் மத்திமத்தையும் திறந்த தந்தியோடு இயைத்து நிறுத்துதல். இரண்டாவது, கண்ணை மூடிக்கொண்டு அவற்றை மீண்டும் கண்டடைதல். மூன்றாவது, இடைப்பட்ட சுரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தல். நான்காவது, அதே வரிசையை ஒலியடக்கித் தனிச்சுரமாகவும், ஒலிதொடர்ந்து இழைவாகவும் வாசித்தல். வேகம் இவற்றுக்குப் பின். ஒவ்வொரு வரிசையையும் வாசிக்குமுன் வாயாற் பாடுதல் எல்லாவற்றிற்கும் முன். பாட இயலாத சுரத்தைக் கோல் ஒருபோதும் கண்டுபிடித்துத் தராது.

சுரவரிசை இசையன்று, இசைக்குப் பகையும் அன்று. அது செவி தன்னைத்தானே தேர்வு செய்துகொள்ளும் முறை. மெட்டுகள் இருக்கும்வரை அத்தேர்வைத் தள்ளிப்போடலாம். மெட்டில்லாத் தந்தியும் மாந்தர் குரலும் அதனைத் தள்ளிப்போட விடா. பண்ணலுக்கும் கையூழுக்கும் இடையே ஆராய்தலை வைத்த முன்னோர் இதனை அறிந்திருந்தனர். அச்சொல்லை ஏட்டிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவருவது தமிழாசிரியர்க்கும் இசையாசிரியர்க்கும் பொதுவாகிய கடமை.